பியான்கா வில்லியம்ஸ் – லண்டன் போலீஸ் விவகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஒரு கறுப்பின ஓட்டக்காரரையும் துணைவரையும் போலீஸ் நிறுத்தி, கைவிலங்கு போட்டுச் சோதித்ததில், 2020 ஜூலையில் ஒரு சனிக்கிழமை தொடங்கிய விவகாரம் இது. 2024 அக்டோபர் வரை இழுத்தது. வீடியோவை மட்டும் பார்த்தவர்கள் ஒரு கதை சொல்கிறார்கள். காவலர்கள் டிஸ்மிஸ் ஆன செய்தியோடு நின்றுவிட்டவர்கள் இன்னொன்று சொல்கிறார்கள். கடைசித் தீர்ப்பை மட்டும் படித்தவர்கள் முதல் இருவரையும் திட்டுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே, கீழே.

யாருங்க இவங்க? அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?

பியான்கா வில்லியம்ஸ் பிரிட்டனின் குறுந்தூர ஓட்டக்காரர். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற இங்கிலாந்து அணியில் ஓடியவர். அவருடைய துணைவர் ரிக்கார்டோ டோஸ் சான்டோஸ், போர்ச்சுகலுக்காக 400 மீட்டர் ஓடுபவர். இருவரும் கறுப்பினத்தவர்கள். 2020 ஜூலை 4 அன்று மேற்கு லண்டனில் மெய்டா வேலில் இருக்கும் தங்கள் வீட்டருகே மெர்சிடிஸ் காரில் வந்து நின்றபோது போலீஸ் சூழ்ந்துகொண்டது. காருக்குள் அவர்களுடைய 3 மாதக் குழந்தையும் இருந்தது.

இருவரையும் வெளியே இறக்கி, கைவிலங்கு போட்டு, போதைப்பொருளும் ஆயுதமும் இருக்கிறதா என்று சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கைது இல்லை, வழக்கும் இல்லை. குழந்தை காருக்குள் இருக்கிறது என்று வில்லியம்ஸ் பதறுவது வீடியோவில் கேட்கும். அவர்களுடைய பயிற்சியாளர் லின்ஃபோர்ட் கிறிஸ்டி (1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றவர்) அந்த வீடியோவை வெளியிட்டார். அமெரிக்காவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் இறந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரம். ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவியது.

போலீஸ் தரப்பு என்ன சொல்லுது?

வந்தவர்கள் சாதாரண ரோந்துக் காவலர்கள் அல்லர். லண்டன் பெருநகரப் போலீசின் ‘டெரிடோரியல் சப்போர்ட் குரூப்’ என்ற தனிப்பிரிவு. அந்தப் பகுதியில் இளைஞர் வன்முறை கூடியிருந்ததால் ரோந்தில் இருந்தோம், கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒன்று சந்தேகப்படும்படி சென்றது, சாலையின் தவறான பக்கத்திலும் போனது, நிறுத்தச் சொன்னபோது வேகமெடுத்தது என்பது அவர்கள் வாதம். தவறான பக்கத்தில் ஓட்டியதை இருவரும் மறுத்தார்கள். கார் நின்ற பிறகு அதிலிருந்து கஞ்சா வாசனை வந்தது என்று இரண்டு காவலர்கள் சொன்னார்கள். பின்னாலே வந்த நான்கு வருடச் சண்டையும் அந்த வாசனையைச் சுற்றித்தான்.

சும்மா போற காரை காரணமே சொல்லாம நிறுத்தலாமா?

இங்கிலாந்தில் நிறுத்தலாம். 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 163ஆம் பிரிவு, சீருடையில் உள்ள எந்தக் காவலரும் எந்த வாகனத்தையும் நிறுத்தச் சொல்லலாம் என்கிறது. சந்தேகம் வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. நிறுத்தாமல் போவதுதான் குற்றம். ஓட்டுநரிடம் லைசென்சும் இன்சூரன்சும் கேட்கலாம். பெயர் கேட்டால் ஓட்டுநர் சொல்ல வேண்டும்.

அதனால் “ஏன் நிறுத்தினாய்?” என்பதில் தொங்கும் வாதம் சட்டப்படி சீக்கிரம் படுத்துவிடும். கறுப்பர் ஓட்டுவதைப் பார்த்து நிறுத்தினாய் என்று காட்ட முடிந்தால் கதை வேறு. 2010 சமத்துவச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் ஒரு தனி ஆளின் மனதில் அந்த நொடி என்ன ஓடியது என்பதை எப்படி நிரூபிப்பது?

நிறுத்திட்டா சோதனையும் போடலாம்தானே?

இல்லை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். நிறுத்துவது ஓர் அதிகாரம். சோதிப்பது இன்னோர் அதிகாரம். கைவிலங்கு மூன்றாவது. பிறகு நடந்ததை உண்மையாகச் சொன்னார்களா என்பது நான்காவது. ஒன்று சரி என்பதால் அடுத்தது தானாகச் சரியாகிவிடாது. முதலாவதில் போலீஸ் தோற்றால்கூட நான்காவதில் தோற்றதாக ஆகாது. இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் இந்த வழக்கைப் பற்றிய பேச்சு பாதி நேரம் குழம்புகிறது.

போதைப்பொருளுக்குச் சோதிக்க 1971 போதைப்பொருள் சட்டத்தின் 23ஆம் பிரிவு. திருட்டுப்பொருள், ஆயுதம் போன்றவற்றுக்கு 1984 போலீஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின் 1ஆம் பிரிவு. இரண்டுக்கும் ‘நியாயமான சந்தேகம்’ வேண்டும். அது இந்த ஆளைப் பற்றிய, வெளியில் சுட்டிக்காட்டக்கூடிய ஒரு தகவலில் நிற்க வேண்டும். நிறம், உடை, முன்பு பிடிபட்டவர் என்ற விவரம், இவை மட்டும் காரணமாகக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் ‘கோட் ஏ’ நடைமுறை விதி வெளிப்படையாகவே சொல்கிறது. உயரதிகாரி ஒரு பகுதிக்கு அறிவித்தால் சந்தேகமே இல்லாமல் சோதிக்க வழிசெய்யும் 1994 சட்டத்தின் 60ஆம் பிரிவு தனி விதிவிலக்கு.

“நானே சம்மதிச்சேன், அதனால சோதிச்சாங்க” என்பதும் செல்லாது. அதிகாரம் இல்லாத இடத்தில் சம்மதம் வாங்கிச் சோதிக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது.

கஞ்சா வாசனை அடிக்குதுன்னு சொல்லிட்டா போதுமா?

சட்டத்தில் வாசனை ஒரு காரணமாக முடியும். ஆனால் வாசனை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சோதிப்பது நல்ல நடைமுறை இல்லை என்பது போலீஸ் பயிற்சிக்குப் பொறுப்பான ‘காலேஜ் ஆஃப் போலீசிங்’ தரும் வழிகாட்டல். கூடவே வேறு ஏதாவது வேண்டும்: புகை, ஒளித்துவைக்கும் அசைவு, முன்னுக்குப் பின் முரணான பதில் என்று எதுவாவது.

வாசனையில் என்ன சிக்கல் என்றால், அதைக் கேமரா பிடிக்காது. ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடும். பக்கத்துத் தெருவிலிருந்தும் வரலாம். பை நிறையக் கஞ்சா இருந்தால் சோதனை உறுதிப்படுத்தும். ஒன்றும் கிடைக்காவிட்டால் ‘வாசனை இருந்தது’ என்பது சொன்னவரின் வார்த்தை மட்டுமே. கிடைக்கவில்லை என்பதால் சோதனை சட்டவிரோதம் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த சோதனைகளில் நான்கில் மூன்று மேல் நடவடிக்கை ஏதுமின்றித்தான் முடிந்தன.

இந்த வழக்கில் இருவருமே புகைப்பதில்லை என்று சாட்சியம் சொன்னார்கள். போட்டிக் காலத்தில் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருள் என்பது ஓடுகளத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். விளையாட்டு வீரர் என்பதால் அது நடக்கவே முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் காருக்குள் அந்த வாசனை எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியது வாசனையைச் சொன்னவர்தான்.

கைதே பண்ணலை, அப்புறம் எதுக்கு விலங்கு? கைக்குழந்தையோட இருக்கிற அம்மாவுக்குமா?

சோதனைக்காகத் தடுத்து வைக்கும்போது விலங்கு போட முழுத் தடை இல்லை. ஆனால் விலங்கு போடுவது சட்டத்தின் கண்ணில் ‘பலப்பிரயோகம்’. தேவையா, நியாயமா, அளவாக இருந்ததா என்று போட்ட காவலர்தான் விளக்க வேண்டும். 1967 குற்றவியல் சட்டத்தின் 3ஆம் பிரிவும் 1984 சட்டத்தின் 117ஆம் பிரிவும் அதற்கான அடிப்படை. காரணம் காட்ட முடியாத விலங்கு அடிதடிக் குற்றத்துக்குச் சமம். ‘எப்பவும் இப்படித்தான் போடுவோம்’ என்பது காரணம் ஆகாது. பலப்பிரயோகத்துக்குத் தனிப் படிவமும் நிரப்ப வேண்டும்.

கோட் ஏ சொல்லும் வரிசையே வேறு: முதலில் ஒத்துழைப்பைக் கேள், மறுத்தால் அல்லது எதிர்த்தால் மட்டும் பலம். நடைமுறையில் பல தெருக்களில் இது தலைகீழாகிப் போயிருந்தது. விலங்கு முதலில், பேச்சு பிறகு. இந்தச் சம்பவத்துக்குப் பின் அப்போதைய கமிஷனர் கிரெசிடா டிக் கைதுக்கு முந்தைய விலங்கிடல் பற்றி ஒரு மறுஆய்வுக்கு உத்தரவிட்டார். 2021இல் பெருநகரப் போலீஸ் அதற்கென்று புதிய கொள்கை கொண்டுவந்தது. இந்த விவகாரத்தில் கையில் எடுத்துக் காட்டக்கூடிய மாற்றம் என்றால் என் கணக்கில் அது ஒன்றுதான்.

போலீஸ் மன்னிப்புக் கேட்டுச்சா இல்லையா? ரெண்டு மாதிரியும் சொல்றாங்க.

இரண்டு மாதிரியும் உண்மை. பெருநகரப் போலீசின் நடத்தைப் பிரிவு முதலில் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தவறு ஏதும் இல்லை என்றது. எதிர்ப்பு பெருகியதும், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பான ஐ.ஓ.பி.சி.க்குத் தாங்களே அனுப்பிவைத்தார்கள். அதே வாரம் நாடாளுமன்ற உள்துறைக் குழுவின் முன் டிக், வில்லியம்ஸுக்கு ஏற்பட்ட மனவேதனைக்கு வருத்தம் தெரிவித்தார். வேதனைக்கு வருந்துவது வேறு, செய்தது தவறு என்று ஒப்புக்கொள்வது வேறு. அன்று வந்தது முதலாவது.

ஐ.ஓ.பி.சி.ன்னா கோர்ட்டா? அவங்கதான் டிஸ்மிஸ் பண்ணாங்களா?

கோர்ட் இல்லை. போலீஸ் நடத்தையை விசாரிக்கும் தனி அமைப்பு. புலனாய்வு செய்து, ‘இந்த ஆட்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது’ என்று முடிவெடுத்து விசாரணைக்கு அனுப்பும், தண்டனை கொடுக்காது. இந்த வழக்கில் ஐந்து காவலர்கள் 2023 செப்டம்பரில் ஒழுங்கு விசாரணைக் குழுவின் முன் நின்றார்கள். அப்போதிருந்த முறைப்படி மூன்று பேர் குழு, தலைவர் போலீசுக்கு வெளியிலிருந்து வந்த சட்ட வல்லுநர். 2024 மே முதல் தலைமை இடம் உயர் போலீஸ் அதிகாரிகளுக்கே திரும்பிவிட்டது.

2023 அக்டோபர் 25 அன்று முடிவு வந்தது. வாசனை பற்றிச் சொன்ன இருவரும் பொய் சொன்னார்கள், நேர்மை விதியை மீறினார்கள், அது கடுமையான நடத்தைக் கேடு என்று சொல்லி உடனடி டிஸ்மிஸ். மற்ற மூவர் மீதும் எதுவும் நிரூபணமாகவில்லை. குற்றவியல் வழக்குபோல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். டிஸ்மிஸ் ஆனவர் பெயர் தடைப்பட்டியலில் ஏறும்; நாட்டின் எந்தப் போலீஸிலும் சேர முடியாது.

அப்ப இது இனவெறின்னு தீர்ப்பு வந்துச்சா?

வரவில்லை. இனத்தைப் பார்த்து நடந்துகொண்டார்கள் என்ற குற்றச்சாட்டை அந்தக் குழுவே ஏற்கவில்லை. டிஸ்மிஸ் ஆனது நேர்மைக்காக. ‘இனவெறிக் காவலர்கள் வேலை இழந்தார்கள்’ என்று அன்று பகிரப்பட்ட தலைப்பு தவறு.

ஆனால் மக்கள் ஏன் அப்படிப் படித்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெள்ளையரில் 1,000 பேருக்கு 6 சோதனை, கறுப்பரில் 1,000 பேருக்கு 54. ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இந்த எண் ஒரு தெருவில் ஒரு மாலை நடந்ததை நிரூபிக்காது. அந்தத் தெருவில் நிற்பவர் ஏன் உடனே அப்படி நினைக்கிறார் என்பதை விளக்கும்.

டிஸ்மிஸ் ஆனவங்க எப்படி மறுபடி வேலைக்கு வந்தாங்க?

போலீஸ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்று உண்டு. முடிவு நியாயமற்றது, புதிய சான்று வந்திருக்கிறது, நடைமுறையில் பிழை என்ற மூன்று வாசல்களில் ஒன்றின் வழியாகக் காவலர் அங்கே போகலாம். இருவரும் முதல் வாசல் வழியாகப் போனார்கள். 2024 அக்டோபரில் தீர்ப்பாயம், விசாரணைக் குழுவின் முடிவு அறிவுக்குப் பொருந்தாதது, முன்னுக்குப் பின் முரண் என்று ரத்துசெய்தது. இருவரும் சம்பளப் பாக்கியோடு பணிக்குத் திரும்பினார்கள். இடையில் சக காவலர்களும் பொதுமக்களும் இணையத்தில் அவர்களுக்காகத் திரட்டிய நிதி சில நாட்களிலேயே 1 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

புகார் சொன்னவருக்கு இந்தத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டு உரிமை இல்லை. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம், அது செலவு பிடித்த வழி. ஒரு பக்கம் படிக்கட்டு, மறு பக்கம் சுவர் என்ற குறை இதனால்தான் எழுகிறது, அதில் நியாயமும் உண்டு.

அப்படின்னா கஞ்சா வாசனை நிஜமாவே வந்துச்சுன்னு நிரூபணம் ஆயிடுச்சா?

ஆகவில்லை. தீர்ப்பாயம் தெருவுக்குப் போய் முகர்ந்து பார்க்கவில்லை. கீழே இருந்த குழு அந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு ‘பொய்’ என்ற முடிவுக்கு வந்திருக்க முடியுமா என்றுதான் பார்த்தது. ‘வாசனை இல்லை’ என்பதிலிருந்து ‘வாசனை வந்ததாகச் சொன்னவர் பொய்யர்’ என்பதற்குப் போக இன்னொரு படி ஏற வேண்டும். தப்பாக உணர்ந்தவரும் உண்மையாகத்தான் பேசுவார்.

அதேபோல, இருவர் பொய் சொல்லவில்லை என்றாகிவிட்டதால் அன்று விலங்கு போட்டது சரி என்றும் ஆகிவிடாது. மேலே சொன்ன நான்கு படிகளை இங்கே திரும்பப் பார்க்கவும்.

அமெரிக்காவில ஷெஃப்லரையும் பிடிச்சாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

கொஞ்சம்தான். 2024 மே 17 காலை, லூயிவில் நகரின் வல்ஹல்லா மைதானத்துக்குள் காரை ஓட்டிப்போன கோல்ஃப் வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர், போக்குவரத்தைச் சீர்செய்த காவலரின் சைகையை மீறினார் என்று கைதானார். காவலரைத் தாக்கியதாகக் கடும் குற்றச்சாட்டு உட்பட நான்கு பதிவாயின. விடுதலையாகிப் போய் அன்றே போட்டியில் 66 அடிகளில் சுற்றை முடித்தார்! கைது செய்த அதிகாரி உடல் கேமராவை இயக்கவே இல்லை. மே 29 அன்று எல்லாக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. பன்னிரண்டே நாள்.

டென்னிஸ் வீரர் ஜேம்ஸ் பிளேக் கதைதான் லண்டனுக்கு நெருக்கம். 2015 செப்டம்பர் 9, நியூயார்க் ஹோட்டல் வாசலில் நின்றவரைச் சாதாரண உடையில் வந்த காவலர் தரையில் சாய்த்தார். ஆள் மாறாட்டம். அளவுக்கு மீறிய பலம் என்று அந்நகரின் புகார் வாரியம் உறுதிசெய்தது. கடைசியில் அந்தக் காவலர் இழந்தது 5 நாள் விடுமுறை.

கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாம்ல நம்ம பையனை நிறுத்தினா அவன் என்ன செய்யணும்?

நிற்கணும், கை தெரியும்படி வைக்கணும், ஓடக்கூடாது. முதல் கேள்வி: “என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா?” இல்லை என்றால் போகலாம். ஆமாம் என்றால், சோதனைக்கு முன் காவலர் சொல்லியாக வேண்டியவை உண்டு: சந்தேகத்துக்குக் காரணம், எதைத் தேடுகிறார், தன் பெயர் அல்லது எண், ஸ்டேஷன், எந்தச் சட்டப்பிரிவு, பதிவின் நகல் பெறும் உரிமை. சாதாரண உடையில் இருந்தால் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும்.

நடந்து போகிறவர் சோதனையின்போது பெயரும் முகவரியும் சொல்லத் தேவையில்லை. காரோட்டிக்கு இது பொருந்தாது (163ஆம் பிரிவு பற்றிய பதிலைப் பார்க்க). பொது இடத்தில் வெளிக்கோட்டு, ஜாக்கெட், கையுறை தவிர எதையும் கழற்றச் சொல்ல முடியாது. ‘நான் இதற்குச் சம்மதிக்கவில்லை, ஆனால் எதிர்க்கவும் இல்லை’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நிற்பது நல்லது. கையைத் தட்டிவிட்டால், சோதனை தவறாக இருந்தாலும், தடுத்ததாக ஒரு தனி வழக்கு வரும். பையன்கள் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான்.

போனில் வீடியோ எடுத்தா பிடுங்குவாங்களா?

பொது இடத்தில் போலீசைப் படமெடுக்கத் தடை இல்லை. அழிக்கச் சொல்லும் அதிகாரம் காவலருக்கு இல்லை. குறுக்கே போகாமல் சில அடி தள்ளி நின்று, நண்பர் யாராவது எடுப்பது மேல். சோதிக்கப்படுபவரே எடுத்தால் கையில் இருப்பது என்ன என்ற பேச்சு வரும்.

போலீஸ் உடல் கேமராவையும் கேட்டு வாங்கலாம். பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடிகள் படமாக இருக்கும், ஒலி இருக்காது. அதனால் காரணம் சொன்ன முதல் வரி பல பதிவுகளில் கேட்பதில்லை. வழக்குக்குத் தேவையில்லாத பதிவு லண்டனில் 31 நாளில் அழிந்துவிடும். தேதி, நேரம், தெரு, காவலர் எண் போட்டு முதல் வாரத்திலேயே தனிநபர் தரவு வேண்டுகோள் அனுப்ப வேண்டும். பதிலுக்கு அவர்களுக்கு ஒரு மாதம். சோதனைப் பதிவின் நகலை மட்டும் 3 மாதம் வரை கேட்கலாம்.

புகார் கொடுக்க எவ்வளவு நாள் இருக்கு? நஷ்டஈடு கிடைக்குமா?

புகார் அந்தந்தப் போலீஸ் படையின் நடத்தைப் பிரிவுக்கு. ஐ.ஓ.பி.சி. வழியாக அனுப்பினாலும் பெரும்பாலும் அங்கேதான் திரும்பி வரும். முடிவு பிடிக்காவிட்டால் மறுஆய்வு கேட்க 28 நாள். நஷ்டஈட்டுக்குச் சிவில் வழக்கு தனி வழி. பாகுபாடு என்றால் 6 மாதம், மனித உரிமைச் சட்டத்தின் கீழ் 1 வருடம், உடல்காயம் 3 வருடம், சட்டவிரோதத் தடுப்பு 6 வருடம். புகார் முடியட்டும் என்று காத்திருந்தே 6 மாதத்தைத் தவறவிட்டவர்கள் நிறைய. புகார் ஓடினாலும் கெடுவும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

டோஸ் சான்டோஸை மறுபடியும் நிறுத்தினாங்களாமே, நிஜமா?

நிஜம். 2022 ஆகஸ்டில், முதல் சம்பவத்தின் ஒழுங்கு விசாரணையே தொடங்காத நேரத்தில். ஓட்டும்போது போன் பயன்படுத்தியதாகச் சந்தேகப்பட்டு ஆயுதம் தாங்கிய ஏழு காவலர்கள் தன்னை நிறுத்தியதாக அவர் சொன்னார். இந்த முறை படமெடுக்க அவருடைய காரிலேயே கேமரா இருந்தது.